நூற்று நாற்பத்தேழாம் குப்பி

ஃபிரெஸ்னோவுக்கு மேற்கே
ஒரு வாய்க்கால்.
அந்தக் கரையில் டினிஸ் சில்வெய்ராவின் குதிரைமசால்,
அறுபது ஏக்கர், எல்லாம் கறவை மாடுகளுக்கு.
இந்தக் கரையில் வாரூஜ் பொகோசியனின் பருத்தி.

அவன் அறுக்கிறான், என் சப்பை உதிர்கிறது
என்கிறார் பொகோசியன்.
அறுவடை வண்டி ஓடிய மறுநாளே
நாவாய்ப்பூச்சிகள் வாய்க்கால் தாண்டி வருமாம்,
ஊசிமூக்கை மொட்டில் சொருகுமாம்.

பூச்சியின் தொடையில்
என் மாட்டு முத்திரையா இருக்கிறது?
என்கிறார் சில்வெய்ரா.

குத்திவிடலாம் என்றாள் பாஹுவா ஷியோங்,
பல்கலைக்கழக வண்டியின் பின்கதவைத் திறந்தபடி.

விடியுமுன் தெளித்தார்கள்.
மசாலுக்கு ருபீடியம், பருத்திக்கு சீசியம்,
இரண்டும் குளோரைடுகள்,
சமையல் உப்புக்குத் தூரத்து மச்சான்கள்.
இலை குடித்தது, சாறு ஏறியது.
சாற்றை உறிஞ்சிய பூச்சி
உண்ட வீட்டின் பெயரை
உடம்பில் எழுதிக்கொண்டது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே,
இதற்கு நாலே நாள்.
அதற்குள் பாதி நன்றி எச்சத்தோடு போய்விடும்.

அதனால்தான் அத்தனை அவசரம்.
அறுப்பு முடிந்த மறுநாள் வெயில் நூற்றெட்டு.
பருத்தி வரிசைகளில்
வலையை இடமும் வலமும் வீசி நடந்தாள்.
ஆறாம் நாள் மசால் தட்டைகளில்
துளிர் விட்டபோது அங்கேயும் வீசினாள்.
வலையில் விழுந்த சிலந்திகளை உதறிவிட்டு
மற்றதைப் பனிப்பெட்டியில் போட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாய் நைட்ரிக் அமிலத்தில்.
கால் கரைந்தது, சிறகு கரைந்தது,
முதுகின் மஞ்சள் முக்கோணம்
கடைசியாய்க் கரைந்தது.
மிஞ்சிய தெளிந்த துளிகளைச் சுடர் குடித்தது.
கருவி காத்திருந்தது
எழுநூற்று எண்பது நானோமீட்டரில்,
சிவப்பு முடிந்து இருட்டு தொடங்கும் வரப்பில்.

முதல் நாளே தகராறு.
பூச்சியே போடாத வெறும் குப்பி
ருபீடியம் உண்டு என்றது.
அமிலத்தை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள்,
இரண்டு மணி நேரம் கழித்துத்
தன் விரல்களை முகர்ந்தாள்:
மதியம் தின்ற வாழைப்பழம்.
கையுறையை மாற்றினாள்.
யாரிடமும் சொல்லவில்லை.

தெளிக்காத வயல் பூச்சியிலும்
கொஞ்சம் இருக்கத்தான் செய்தது,
மண்ணிலேயே இருப்பதால்.
எவ்வளவுக்கு மேல் போனால் சில்வெய்ராவின் உப்பு?
ஒரு கோடு போட்டாக வேண்டும்.
கோட்டை ஒரு மயிரிழை இறக்கினால்
பொகோசியன் ஜெயிப்பார்,
ஏற்றினால் சில்வெய்ரா.
போட்டாள்,
ஏன் அங்கே என்று அரைப் பக்கம் எழுதினாள்.
அந்த அரைப் பக்கத்தை இருவருமே படிக்கவில்லை.

பருத்தியில் பிடித்த நூற்று நாற்பதில்
முப்பத்தொன்று மசாலை உண்டவை.
பார்த்தாயா என்றார் பொகோசியன்.
மிச்சம் நூற்றொன்பது எங்கிருந்து வந்தது
என்றார் சில்வெய்ரா,
கரையில் இடுப்பளவு நின்ற களையைக் காட்டி.
களை யாருடையது என்பதில்
அன்று மாலை இன்னொரு சண்டை.

நூற்று நாற்பத்தேழு
தட்டையில் பிடிபட்ட பெண்பூச்சி.
அதில் இரண்டு உப்பும் இருந்தது.
மசாலில் தின்று, கத்திக்குத் தப்பிப்
பருத்திக்குப் போய், அங்கும் தின்று,
துளிர் வாசம் வந்ததும் திரும்பியிருக்கிறது.
மூன்று முறை சுட்டுப் பார்த்தாள்.
மூன்று முறையும் அதே எண்கள்.

இது யாருடைய பூச்சி என்று
தொலைபேசியில் கேட்டார் பொகோசியனின் வக்கீல்.
பசித்த பூச்சி என்றாள்.
அதை எழுதித் தர முடியுமா என்றார்.

அடுத்த அறுப்பில் சில்வெய்ரா
வாய்க்கால் ஓரமாய் இரண்டு பட்டை மசாலை
வெட்டாமல் விட்டார்.
பூச்சிகள் அங்கேயே கிடந்தன, பெரும்பாலும்.
விட்ட பட்டைக்குத் தீவன விலை போட்டு
எதிர்க்கரைக்கு ஒரு சீட்டு அனுப்பினார்.
பொகோசியன் பேரம் பேசி
முக்கால் பங்கு கொடுத்தார்.

பாஹுவா இப்போதெல்லாம்
வாழைப்பழத்தை வெளியே
வண்டி நிறுத்துமிடத்தில் நின்று தின்கிறாள்.